அறுபத்தொரு மில்லிமீட்டர் கறை

ஞானதிரவியத்தின் வீட்டு ஆணை நான்காவது தடவையும் கறையோடுதான் வெளியே வந்தது. தாளின் இடது ஓரத்தில், மேலிருந்து கீழாக, வரிசையாகச் சாம்பல் திட்டுகள். வேறு யாருக்காவது இப்படி வந்திருந்தால், "மெஷின் கோளாறு, நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார். ஆனால் அந்த எந்திரத்தைப் பதினாலு மாதமாகக் கழற்றித் துடைத்து மாட்டுகிறவரே அவர்தான். அவருடைய எந்திரம் அவர் தாளிலேயே கரி பூசுவதா? மானம் போகிற காரியமல்லவா!

திரையில் தெரிகிற எதையும் எவனும் போலியாகச் செய்யலாம் என்று ஆன பிறகு, அரசு திரையை நம்புவதையே விட்டுவிட்டது. சான்றச்சு எந்திரம் அடித்துத் தரும் தாள்தான் இப்போது செல்லும். கடல் தெருத்தெருவாக உள்ளே வந்துகொண்டிருந்த அந்த ஊரில், மேட்டுக் குடியிருப்புக்கு ஓர் ஆணைத்தாள் வேண்டும். அங்கே வாசலில் இருக்கும் சோதனைக்கண் தாளின் மைத்துகள்களை ஒவ்வொன்றாகப் படிக்கும். துளி அழுக்கு இருந்தாலும் கதவு திறக்காது.

ஞானதிரவியத்தின் அடுக்களையில் கணுக்கால் அளவுக்கு உப்புத் தண்ணீர் நின்றது. மனைவி எஸ்தர் அடுப்பைக் கட்டில்மேல் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். எட்டயபுரத்தில் இன்னொரு குடியிருப்புக்குப் பதிவு நடந்தது. அதற்கு இன்று மாலை ஐந்து மணியோடு கடைசி. ஆணை கிடைக்கப்போகிறதே, அங்கே எதற்கு என்று அவர் போகவில்லை.

முதலில் அவருக்குச் சந்தேகம் ஆயுத பூஜைமேல்தான். எழுத்தர் கோமதிநாயகம் எந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தார்.

"என்னவே, டோனர் மூடியிலயா பொட்டு வைப்பீரு? அந்தத் தூளு பூராம் உள்ள போயிருக்கும்!"

"சாமி காரியத்துல குத்தம் சொல்லாதயும்" என்றார் கோமதிநாயகம், தலையைத் தூக்காமலே. இருவருக்கும் ஒரே வயது. தினமும் மதியம் ஒரே மேசையில் டப்பாவைத் திறந்து குழம்பை மாற்றிக்கொள்கிறவர்கள்.

ஞானதிரவியம் குங்குமத்தை உறிஞ்சி எடுத்தார். மை உருளையைக் கழற்றிப் புதிதாக ஒன்று மாட்டினார். ஐந்தாவது தாளை அடித்தார். அதே கறை. சூட்டு உருளையைத் துடைத்துவிட்டு ஆறாவதை அடித்தார். அதுவும் அப்படித்தான். "சனியனே, உனக்கு என்னதான் வேணும்?" என்று எந்திரத்தைக் கேட்டார்.

பிறகு அளவுகோலை எடுத்தார். உருளையில் அழுக்கு ஒட்டியிருந்தால், அது ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் தாளில் கறை விழும். இரண்டு கறைக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்தால் எந்த உருளை குற்றவாளி என்று சொல்லிவிடலாம். மை உருளைக்குத் தொண்ணூற்று நாலு மில்லிமீட்டர். சூட்டு உருளைக்கு எழுபத்தைந்து. தாள் இழுக்கும் உருளைக்கு நாற்பத்திரண்டு. இந்தக் கறைகளுக்கு நடுவே அறுபத்தொன்று இருந்தது. அந்தச் சுற்றளவில் எந்திரத்தில் ஓர் உருளையும் கிடையாது.

விரலால் கறையைத் தேய்த்துப் பார்த்தார். சிந்திய தூள் என்றால் விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை, எழுத்தைப் போலவே சூட்டில் அழுத்தமாகப் பதிந்திருந்தது. வரிசையில் அடுத்திருந்தவரின் ஆணையை அடித்தார். அது பளிச்சென்று வந்தது.

நேரே கோமதிநாயகத்தின் மேசைக்குப் போனார்.

"இது அழுக்கே இல்லவே. மெஷினு அழுக்க அச்சடிக்குது. ஏன்?"

கோமதிநாயகம் எழுந்து கதவைச் சாத்தினார்.

"வீடு கொஞ்சந்தான் மிச்சம். கேட்ட எல்லாருக்கும் காணாது. போன வருசம் இல்லன்னு நேராச் சொன்னோம், என்ன ஆச்சு? கண்ணாடிய ஒடச்சு, கவுண்டர்ல இருந்த நம்ம செல்லத்தாய்க்கு நெத்தியில நாலு தையல். அதுக்கப்புறம் மேல இருந்து இந்த ஏற்பாடு வந்துச்சு. 'இன்மறுப்பு'ன்னு பேரு, இனிமையா மறுக்கதாம். வீடு இல்லாதவனுக்கும் ஆணை அடிக்கும், கூடவே கறையும் அடிக்கும். யாரும் யாரையும் இல்லன்னு சொல்ல வேண்டாம். இப்ப ஒரு சத்தம் உண்டா, சண்ட உண்டா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உமக்குப் பொய் சொல்ல வராதுவே. மெஷின்தான் கோளாறுன்னு நீரு நம்பிச் சொன்னாத்தான் சனம் நம்பும். உம்ம மூஞ்சி அப்படி."

"எம் பேரு அந்தப் பட்டியல்ல இருக்குன்னு எப்ப தெரியும்?"

கோமதிநாயகம் மேசையைப் பார்த்தார். "ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா எம் பொண்டாட்டி கட்டில்மேல பொங்கிப்போட்டத என்கூட உக்காந்து தின்னீரே! எட்டயபுரத்துல போய்ப் பதிஞ்சுக்கிடும்னு ஒரு வார்த்த சொன்னீரா? உம்ம தாளு மட்டும் சுத்தமா வந்துச்சுல்லா?"

இத்தனை மாதமாக எத்தனை பேரை ஞானதிரவியம் திருப்பி அனுப்பியிருக்கிறார்! எந்திரத்தைத் துடைத்துக் கறுத்த துணியைக் காட்டி, அடுத்த தடவை சரியாகிவிடும் என்று அவர் வாயாலேயே சொன்னாரே. அந்தப் பாவமெல்லாம் தன் தலையில்தான் என்று அவருக்கு அழுகை வந்தது.

மணி மூன்றரை. எட்டயபுரம் பேருந்து அலுவலகத்துக்கு எதிரே புறப்படத் தயாராக நின்றது. அவர் கூடத்துக்கு ஓடினார். கறைத்தாளோடு நாற்பது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் கேளுங்க! இது மெஷின் கோளாறு இல்ல. கறை வந்தா வீடு இல்லன்னு அர்த்தம். நம்மள ஏமாத்துறாங்க. எட்டயபுரத்துல அஞ்சு மணி வரைக்கும் பதியுதாங்க, எந்திரிங்க!"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் இருந்த சகாயமேரி, ஒன்பது நாளாக வந்துபோகிறவள், அவரைப் பரிவோடு பார்த்தாள்.

"அண்ணாச்சிக்கும் தாளு சரியா வரலையாம். அந்தக் கோவம்" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். "நேத்து நீங்கதான அண்ணாச்சி துணியக் காட்டுனீங்க? எம்புட்டுக் கரி!"

"அது எந்த மெஷின்லயும் இருக்குமம்மா!"

"அப்ப நேத்துச் சொன்னது பொய்யா?"

"நேத்து நானும் நம்புனேன் தாயி. சத்தியமாச் சொல்லுதேன், வாங்க."

"நெசம்னா நீங்க ஏன் இன்னும் இங்கயே நிக்கீங்க?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

வெளியே ஓட்டுநர் ஒலிப்பானை அடித்தார். அடுப்பு ஏறிய கட்டிலும் தண்ணீரில் நிற்கும் எஸ்தரின் கால்களும் ஞானதிரவியத்தின் கண்ணில் வந்து நின்றன. இன்னும் ஒரு தடவை கும்பிட்டுக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. அவர் ஓடினார்.

"வழி விடுங்க, வழி விடுங்க" என்று சகாயமேரி எழுந்து நின்று கூட்டத்தை விலக்கினாள். "அண்ணாச்சி உருளை வாங்க ஓடுறாரு. இன்னைக்கு எப்படியும் சரியாயிரும்."

பெஞ்சில் இருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். பேருந்தின் படியில் தொற்றிக்கொண்டு அவர் திரும்பிக் கத்தினார். சகாயமேரி சன்னலில் வந்து கையை ஆட்டினாள்.

"மெதுவாப் போயிட்டு வாங்க அண்ணாச்சி! நாங்க எங்கயும் போக மாட்டோம்."