வளைவில் வரும் குளிர்

கார்க் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு உள்ளே வெந்துகொண்டிருந்தான் அவன்.

மலைக்கு ஏறும் மெட்டு ரோட்டுப் பட்டறை வாசலில் அந்த வெள்ளைக் கார் வந்து நின்றபோது புரட்டாசி வெயில் தகித்தது. முத்துப்பிரியா கண்ணாடியைத் தட்டினாள். அவன் தலையை ஆட்டினான்... இறக்க மாட்டானாம்!

"உள்ள இருந்து கையக் காட்டுனா எனக்கு என்ன தெரியும்? எறங்கி வாங்க."

கதவைக் கொஞ்சமாகத் திறந்து, நழுவி இறங்கி, உடனே சாத்தினான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "ஏசி ஓடலைங்க. கண்ணாடிய எறக்குனா அம்மா திட்டும்."

"எந்த அம்மா?"

அவன் பின்சீட்டைக் காட்டினான். அதுவரை அது காலி என்றே நினைத்திருந்தாள். இருட்டு மூலையில் ஒரு பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்கள் மட்டும் இவளையே பார்த்தன...

பட்டறையில் அப்பா பால்ராஜுக்கு இன்ஜின் வேலை, இவளுக்கு ஏசி. வருகிறவர் யாரானாலும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். இவனிடம் மட்டும் அந்தச் சொல் ஏனோ வாயில் வரவில்லை. மழை இறங்குமுன் மலை கறுக்குமே, அந்தக் கறுப்பு அவன் கண்களில் இருந்தது.

அவன் பெயர் பிரபாகரன். மெட்டுக்கு மேலே அவர்களுக்கு ஏலத்தோட்டம்.

"அப்பா தவசி வைகாசியில தவறிட்டாரு. இது அவரு கார். அப்பயிருந்து ஏசியில காத்தே வர்றதில்ல. ஆனா மலையில ஒரு வளைவு இருக்கு... அங்க போனா சுவிட்சு போடாமலே சில்லுன்னு வரும். ஏலக்காய் வாசத்தோட. அப்பா மேல அடிக்கிற அதே வாசம்."

"அதுக்கு?"

"அம்மா தினமும் ஏறி உக்காந்துக்கிரும். வாசம் போயிரும்னு கண்ணாடிய எறக்க விடாது. யாரையும் தொட விடாது. முந்தாநாள் மயங்கி விழுந்துருச்சு. இன்னொரு தடவ இந்தச் சூட்டுல போனா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"பேய்க்கெல்லாம் நாங்க கேஸ் அடிக்கிறதில்லைங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

பானட்டைத் திறந்து மீட்டரை மாட்டினாள். ஏசி கேஸ் அளவு சரியாக இருந்தது. கம்ப்ரஸர் சுற்றியது. குழாய் சில்லிட்டு வியர்த்தது. குளிர் உண்டாகிறது... உள்ளேதான் வரவில்லை.

"அந்த வளைவை நான் பாக்கணும்."

பின்சீட்டிலிருந்து சுருளியம்மாளின் குரல் வந்தது. "பாக்கட்டும். பாத்துட்டு நம்பட்டும்."

மலை ஏற ஏற வெயில் செத்தது. வளைவு நெருங்கியபோது மேகம் ரோட்டில் இறங்கி நின்றது. முன்விளக்கின் வெளிச்சம் நாலடிகூடப் போகவில்லை.

"வந்துட்டாரு," என்றாள் சுருளியம்மாள்.

ஹ்ஹா... என்று ஏசித் துவாரத்தில் நீண்ட பெருமூச்சு. சுவிட்சு அணைந்தே இருந்தது. அங்கிருந்து ஏதோ சில்லென்று முத்துப்பிரியாவின் மணிக்கட்டைத் தொட்டது. ஏலக்காய் வாசம். கை முடி சிலிர்த்தது. ஸ்டியரிங்கை அவன் கை இறுகப் பிடித்திருந்தது. அதன்மேல் கை வைத்தால் என்ன... சீ, என்ன நினைப்பு இது!

"நிறுத்துங்க."

கார் நின்றது. அந்தக் குளிர் மூச்சும் நின்றது.

"இப்ப மெல்லப் போங்க."

மறுபடி மூச்சு. ஓடினால்தான் வருகிறது. அப்படியென்றால் வெளிக்காற்று. மேகம்தான் உள்ளே வருகிறது!

ஓரங்கட்டச் சொல்லி, டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றப் போனாள்.

"தொடாதடீ!" அலறினாள் சுருளியம்மாள். "அவர வெரட்டப் போறியா?"

முத்துப்பிரியா பிரபாகரனைப் பார்த்தாள். அவன் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "எடுங்க. அப்பாவத்தான் காப்பாத்த முடியல. அம்மாவ விட மாட்டேன்."

உள்ளே, காற்றைத் தள்ளும் ப்ளோயர் விசிறியில் ஒரு துணி முடிச்சு சிக்கியிருந்தது. துண்டின் முனையைக் கிழித்துக் கட்டிய ஏலக்காய். "அப்பா துண்டுங்க," என்றான் பிரபாகரன். வாசத்துக்காகத் தவசி சொருகி வைத்தது சரிந்து விழுந்து, விசிறியையே நிறுத்திவிட்டிருக்கிறது. மேகத்தின் ஈரம் பட்டுக் காய்கள் ஊதி மணத்தன.

அதை எடுத்து அந்த அம்மாளின் மடியில் வைத்தாள். "ஐயா கட்டி வச்சது, ஆத்தா. வேற ஒண்ணுமில்ல."

சுவிட்சைப் போட்டதும் குளிர் கொட்டியது. முடிச்சை முகத்தோடு அழுத்திக்கொண்டு சுருளியம்மாள் அழுதாள். "ஒன் கை பட்டதும் போயிட்டாரே... இனி நீ எங்க கண்ணுல படாத!"

முத்துப்பிரியாவுக்கும் சுருக்கென்றது. பட்டறையில் இறங்கும்போது, "சோலி முடிஞ்சுச்சு. இனி இங்க வர வேண்டியதில்ல," என்றாள் அவனிடம். சொன்ன வார்த்தை ராத்திரியெல்லாம் அவளையே குத்தியது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அதே கார் வந்து நின்றது. இந்த முறை தட்டாமலே கண்ணாடி இறங்கியது. பின்சீட்டில் சுருளியம்மாள், முகம் தெளிந்து.

"மறுபடி ஏசி ஓடலையா?" வெடுக்கென்று கேட்டாள் முத்துப்பிரியா.

அவன் நனைந்துகொண்டே இறங்கினான். "அது நல்லா ஓடுது. அம்மா சாப்பிடுது, தூங்குது. நேத்து அந்த வளைவுல காரை அணைச்சிட்டு நின்னோம்... அப்பயும் அந்த மூச்சு வந்துச்சுங்க."

"நின்ன கார்ல எப்படி வரும்? ஏலக்காய் வாசமா?"

"இல்ல... கிரீஸ் வாசம். ஒங்க கை வாசம்."

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"எனக்கும் அந்த வாசம் அடிச்சுச்சு, ஆத்தா," என்றாள் சுருளியம்மாள். "அந்த மனுசன் பிடிக்காத ஆளோட வாசத்த நம்மகிட்டக் கொண்டு வர மாட்டாரு. நான்தான் அவசரப்பட்டு ஒன்னய ஏசிட்டேன்."

பிரபாகரன் குரலைத் தாழ்த்தினான். "எனக்கு அந்த வளைவுல மட்டுமில்லைங்க, எங்க போனாலும் அந்த வாசந்தான். ஊரையே அண்ணேங்கிறீங்க... என்னய ஒரு தடவகூடச் சொல்லல. அத நம்பித்தான் வந்தேன்."

கார்ச் சாவி அவன் கையில் இருந்தது. இன்ஜின் ஓடவில்லை. ஆனாலும் இறங்கிய கண்ணாடி வழியாகச் சில்லென்று ஒரு மூச்சு வந்து அவள் மணிக்கட்டைத் தொட்டது. காரணம் தேட அவளுக்குத் தோன்றவில்லை.

"அண்ணேன்னு சொல்ல வாய் வரல," என்றாள், மழையைப் பார்த்தபடி. "இனியும் வராது..."