அடைத்த துளைகள்

பல்லைத் துளைத்தால் கருகல் வாடை வரும். சமையல்காரருக்கு வெங்காயம் எப்படியோ பல் டாக்டருக்கு அது அப்படி. மூக்கு அதைக் கண்டுகொள்வதே இல்லை. அன்று மாலை கடைசி நோயாளியின் கடைவாய்ப் பல்லில் துளைக் கருவியை வைத்தபோது, முகக்கவசத்தையும் தாண்டிக்கொண்டு, ஈரமும் லேசான இனிப்புமாக, பச்சை மரத்தை அறுக்கும் வாடை வந்தது. அவள் கையை நிறுத்தினாள். நோயாளி மிரண்டு பார்த்தார். "அந்தப் படத்தையே பாத்துட்டு இருங்க, வலி தெரியாது," என்று சுவரைக் காட்டிச் சமாளித்தாள்.

சுவர் முழுக்கக் காடு. பச்சையைப் பார்த்தால் மனிதர்களின் படபடப்பு தணியும் என்று எங்கோ படித்துவிட்டு, நல்ல விலை கொடுத்து வாங்கி மாட்டிய படம். சருகு உதிர்க்காத, பூச்சி அண்டாத, காக்கை எச்சமிடாத காடு. அவளுக்குப் பிடித்த ஒரே காடும் அதுதான்.

வாசலில் நின்ற நிஜ மரத்தின் கதை வேறு. கீழே கிளினிக், மாடியில் குடித்தனம். மரமோ பெயர்ப்பலகையை மறைத்துக்கொண்டு நின்றது. பெருக்கி நிமிர்வதற்குள் மறுபடி குப்பை. கண்ணாடிக் கதவில் கம்பளிப்பூச்சி. நகராட்சியில் வெட்ட அனுமதி கேட்டதற்கு, பட்ட மரத்தைத்தான் வெட்டலாம் என்று கைவிரித்துவிட்டார்கள். பட்டுப்போக வைத்தால் ஆயிற்று. கணவனும் மகளும் வெளியே போயிருந்த ஒரு மதியம், சுவரில் திருகாணி மாட்ட வைத்திருந்த டிரில்லால் அடிமரத்தைச் சுற்றித் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றினாள். அதோடு விட்டிருக்கலாம். பாதி வேலையில் விட்டுப் பழக்கமில்லாத கை அது. பல்லுக்கு வைக்கும் வெள்ளைச் சிமென்ட்டால் துளைகளை அடைத்து, தேய்த்து, வழவழப்பாக்கி, மேலே சேற்றைப் பூசினாள். கடைசித் துளை போடும் முன் தெருவில் ஆள் அரவம் கேட்டதால் அதை மட்டும் விட்டுவிட்டாள். அந்த ஒன்றுதான் அவளை இன்றுவரை உறுத்தியது.

மரத்தின் மேல் அவளுக்குக் கோபம்கூட இருந்ததில்லை. கோபப்பட அது என்ன ஆளா? இலைகள் பழுத்துக் கொட்டத் தொடங்கியதும், காப்பிக் கோப்பையோடு ஜன்னலில் நின்று நிம்மதியாகப் பார்த்தாள். மரத்தைக் கட்டிக்கொண்டு பேசும் மகள் சிட்டுதான், "அதுக்கு உடம்பு சரியில்லம்மா," என்று அழுதாள்.

"வயசாயிடுச்சுடா," என்றாள் இவள், முகம் மாறாமல்.

பிறகு சிட்டுவின் முடி கொட்டியது. தலையணையில், படிக்கட்டில், கொத்துக் கொத்தாக. முகம் மஞ்சளாகிவிட்டது. குழந்தை மருத்துவர் சத்துக்குறைவு என்றார். சாப்பிடக் கூப்பிட்டால் வாயைத் திறப்பதில்லை. "அடியில எரியுது," என்பாள், உதட்டைப் பிரிக்காமல். ஊர்ப் பிள்ளைகளின் வாயையெல்லாம் பார்ப்பவள், பெற்ற பிள்ளையின் வாயை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள். பயம். என்ன பயமென்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாத பயம்.

நோயாளி போனதும் எச்சில் உறிஞ்சும் குழாயின் வடிகட்டியைத் திறந்தாள். வெள்ளைப் பல்தூள் இல்லை. ஈர மரத்தூள்.

மாடியிலிருந்து கணவனின் குரல் வந்தது. "இன்னிக்கும் ஒரு வாய் சாப்பிடல. என்கிட்ட வாயத் தொறக்கவே மாட்டேங்குறா. கீழ அனுப்புறேன், நீயே பாரு."

படிகளில் சரசரவென்று ஓசை. சருகை மிதித்து நடக்கும் ஓசை. வீட்டுக்குள் ஏது சருகு?

சிட்டு வந்தாள். யாரும் சொல்லாமலே நாற்காலியில் ஏறிப் படுத்தாள். விளக்கைத் தானே இழுத்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

"வலிச்சா அந்தக் காட்டைப் பாத்துக்கோ கண்ணு."

"அது வெறும் படம்மா," என்றாள் சிட்டு, உதடு பிரியாமல்.

"ஆ காட்டு."

சிட்டு வாயைத் திறந்தாள்.

பச்சை மர வாடை. அதற்கடியில் ஆசிட்.

ஒவ்வொரு பல்லிலும் வட்டமாக ஒரு வெள்ளை அடைப்பு. தேய்த்து வழவழப்பாக்கியது. விளிம்பில் காய்ந்த சேறு. இவ்வளவு சுத்தமான வேலை இந்த ஊரில் வேறு யாருக்கும் வராது.

எடுத்துவிடலாம், கழுவிவிடலாம், பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம். பல் நோண்டும் கொக்கியின் முனையால் ஒரு அடைப்பை நெம்பினாள். அசையவில்லை. அடுத்தது. அசையவில்லை. கழன்று வரவே கூடாதென்று வைத்தது.

ஒரு பல் மட்டும் முழுசாக இருந்தது. ஓரத்தில், கடைசிப் பல்.

"அதை விட்டுட்டியேம்மா," என்றது சிட்டுவின் குரல். திறந்த வாய் அசையவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, மொட்டைக் கிளையில் தளிர் விட்டிருந்தது.

"என்னாச்சு? பாத்தியா?" என்று கணவன் மாடியிலிருந்து கேட்டான்.

அவள் கை எழுந்தது. அவளைக் கேட்காமல். துளைக் கருவியை எடுத்தது. வேண்டாம். கால், கருவியை ஓட்டும் மிதியைத் தேடியது. வேண்டாம், வேண்டாம். பாதி வேலையில் விட்டுப் பழக்கமில்லாத கை.

கருவி சுழலத் தொடங்கியது. சிட்டு வாயை இன்னும் அகலமாகத் திறந்தாள்.