லெயமானா போட்ட கையெழுத்து

செவ்வாய், காலை 9.40. தெற்கு ஆக்லாந்தில் ஒரு சிறு கிளினிக்கின் வாசலில், தன் காருக்குள்ளேயே பெலெதி இறந்து கிடந்தார்.

நெஞ்சு வலி என்று வந்தவர். பதிவில் பெயர் இல்லை என்றார்கள். இருந்தால் அரசு மானியம் போகக் கட்டணம் பத்தொன்பது டாலர். இல்லாவிட்டால் தொண்ணூறு. திரும்பிவிட்டார்.

11.15. சார்ஜண்ட் இலீசாவின் கையில் ஒரு படிவம். பக்கத்துத் தெருவில் திறந்த புதிய கிளினிக்குக்கு மாறச் சம்மதம். தேதி மார்ச் 3. கையெழுத்து: லெயமானா பெலெதி.

"அவர் மாறவே இல்ல, இலீசா," என்றாள் பெலெதியின் மனைவி மாலியா. "தானே கையெழுத்துப் போட்டுத் தன் சாவைத் தேடிக்கிட்டார்னு அதுக்குள்ள சர்ச் ஆளுங்க பேசுறாங்க."

"அவருக்கு லெயமானாங்கிற குலத்தலைவர் பட்டம் கட்டினது எப்போ?"

"மே கடைசி சனிக்கிழமை. சமோவாவுல. பழைய கிளினிக்குல வேலை பார்க்கிற லூப்பெகூட வந்திருந்தாளே."

12.05. புதிய கிளினிக்கின் மேலாளர் கிரெய்க்.

"பதிவு பண்ற ஒரு தலைக்கு இவ்வளவுன்னு அரசு தருது. அதான் ஆள் பிடிக்கிறீங்க?"

"எல்லாரும்தான் பிடிக்கிறாங்க. படிவம் பெட்டியில கிடந்தது. இந்த பெலெதியை நான் பார்த்ததே இல்ல."

12.50. பழைய கிளினிக்கின் வரவேற்பு மேசை. லூப்பெயின் கண்கள் வீங்கியிருந்தன.

"காலையில என்ன சொன்னார்?"

"தொண்ணூறா, அதுல ஒரு வாரத்துக்கு ஆட்டுக்கறி வாங்கலாமேன்னு சிரிச்சார்க்கா. கம்ப்யூட்டர்ல பேர் இல்லையே, நான் என்ன பண்றது?"

இலீசா அவரது பழைய பதிவை எடுத்துப் பார்த்தாள். அதில் வெறும் பெலெதி; லெயமானா இல்லை.

2.30. அதே வரவேற்பு மேசைக்கு மாலியாவும் வந்திருந்தாள். இலீசா படிவத்தை மேசையில் வைத்தாள்.

"மார்ச்சுல லெயமானான்னு இவர் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. குலத்தலைவர் பட்டம் வந்ததே மே மாசம். அதுக்கப்புறம் எழுதி, பழைய தேதி போட்டிருக்காங்க. கிரெய்க்குக்குப் பட்டமே தெரியாது. அவர் எழுதியிருந்தா வெறும் பேரைத்தான் எழுதியிருப்பார். இது நம்ம ஆள் எழுதினது, லூப்பெ. பட்டம் கட்டினப்போ அங்க இருந்த ஆள்."

லூப்பெ படிவத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"நூறு பேரைக் கொண்டா, புதுக் கிளினிக்குல சூப்பர்வைசர் ஆக்குறேன்னார் கிரெய்க். எல்லார் பேரையும் எழுதிட்டேன். இவர் பேரை மட்டும் பட்டம் இல்லாம மொட்டையா எழுதக் கை வரலக்கா."

"காலையில திரும்பச் சேர்த்திருக்கலாமே?"

"சேர்த்தா மாட்டிக்குவேன். நல்லாப் பாரு மகளேன்னார். தேடுற மாதிரி நடிச்சேன்."

மாலியா நிமிர்ந்தாள்.

"எத்தனை தடவை பார்க்கச் சொல்லிக் கேட்டார்?"