ஒரே பெட்டிக்குள் இரண்டு வாசல்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வாப்பா ஷார்ஜாவிலிருந்து பக்கத்து வீட்டு ஃபோனுக்குப் பேசுவார். அன்றைக்கும் பேசினார். எல்லோரையும் விசாரித்துவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில் கேட்டார்.

"பின்கதவுக் கொண்டி ஒத்த ஆணியில தொங்குதுன்னு உங்க உம்மா சொன்னாளே... மாத்தியாச்சாம்மா?"

"நாளைக்கு ஆசாரி வருவாரு வாப்பா," என்றாள் நஃபீஸத்.

ஆசாரி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு செய்தி வந்தது. வாப்பா தூக்கத்திலேயே மவுத்து... அடக்கமும் அங்கேயே. மேலப்பாளையத்து வீட்டில் உம்மா வெள்ளைச் சேலைக்கு மாறினாள். கொண்டியைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா முடிகிற சமயத்தில் உம்மா ஒருநாள் தானாகச் சொன்னாள். "அவுககிட்ட சொல்ல ஒண்ணு இருந்துது நஃபீசு. கடிதாசு எழுதித் தாறவரு முன்னாலயும் பக்கத்து வீட்டு ஃபோன்லயும் எப்படிச் சொல்ல... அப்படியே இருந்துட்டு."

உம்மாவுக்கு எழுதத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கும் வாப்பாவுக்கும் நடுவில் தெருக்காரர் ஒருவரின் காது இருந்தது. அந்தக் காதுக்கு ஏற்றதை மட்டுமே அவள் சொல்லி வந்திருக்கிறாள்...

அன்று நஃபீஸத் இரண்டு தீர்மானம் செய்தாள். முதலாவது, விமானம் ஏறுகிற மாப்பிள்ளை வேண்டாம். இதைக் கேட்டு உம்மா பெருமூச்சு விட்டாள். அந்தத் தெருவில் விமானம் ஏறாத மாப்பிள்ளைக்கு எங்கே போவது? இரண்டாவது, பெண்கள் தங்கள் கடிதத்தைத் தாங்களே எழுத வேண்டும். அதற்குத் தாய்மாமா அசன் மைதீனின் துணை தேவைப்பட்டது.

மாமா 1999-இல் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார். வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு மெயில் அனுப்பும் இடம். பின்பக்க அறையைப் பெண்களுக்கென்று விட வேண்டும், பின்வாசல் வழியாக அவர்கள் வந்துபோக வேண்டும் என்று நஃபீஸத் கேட்டாள். பி.சி.ஏ. படித்த மருமகள் கேட்டால் மாமா மறுப்பாரா? பெண்கள் வந்தார்கள். அவள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை, எழுத்தைச் சொல்லிக் கொடுத்தாள். ஒற்றை விரலால் தடவித் தடவி, ஆங்கில எழுத்தில் தமிழை அவர்களே அடித்தார்கள். அடித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் திரையை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஒரே ஒரு குறை. இரண்டு அறையிலும் இருந்தவை வெறும் திரையும் விசைப்பலகையும்தான். எல்லாம் போய்ச் சேர்வது நடுவிலிருந்த மரத்தடுப்பு அலமாரியின் ஒரே கம்ப்யூட்டர் பெட்டிக்கு. அந்தப் பெட்டியின் சாவிச்சொல், அதாவது பாஸ்வேர்டு, முன்பக்கத்தில் வேலை பார்த்தவனிடம் இருந்தது.

ஹமீது பீவி ரியாத்தில் இருக்கும் தன் புருஷனுக்கு எழுதினாள்... நீங்க தந்த அத்தர் தீந்துட்டு, குப்பியை மட்டும் தலகாணிக்கடியில வச்சிருக்கேன், என்று. மறுநாள் டீக்கடையில் அவள் தம்பியைப் பார்த்து எவனோ கேட்டான், ஒங்க அக்காவுக்கு அத்தர் வாங்கித் தரணுமாவே என்று.

மாமா அன்றைக்கே அந்த வேலைக்காரனை அனுப்பிவிட்டார். ஆனால் பெண்கள் வரவில்லை. பின்னறை நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. நோன்பு பிறக்கிறவரை பார்ப்போம், அதற்குள் ஆள் வராவிட்டால் அந்த அறையில் பையன்களுக்கு கேம்ஸ் போட்டுவிடலாம் என்று மாமா தயங்கித் தயங்கிச் சொன்னார். நஃபீஸத் தலையை மட்டும் ஆட்டினாள். உம்மாவின் அந்த ஒரு சொல் தொண்டையிலேயே நின்றுபோனது போல, இனி எத்தனை பேருக்கு நிற்குமோ...

அன்றைக்குத்தான் மழை பிடித்தது. ஐப்பசி மழை. தெருவே தெரியாமல் கொட்டியது. பின்கதவு படாரென்று திறந்து, தொப்பலாக நனைந்த ஒருவன் உள்ளே வந்து நின்றான்.

"இது பொம்பளைங்க வாசல். போர்டைப் படிக்கத் தெரியாதா?"

"தெரியும்..." இமையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "மழையில கண்ணைத் திறக்க முடியல."

"இப்பத் திறந்தாச்சில்ல? வெளிய போங்க."

அவன் ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. வந்த வழியே மழைக்குள் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனான். அவன் திரும்பிய கணத்தில்தான் கவனித்தாள். சட்டைக்குள் பாலிதீன் உறை சுற்றிய பிஸ்கட் டின் ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தான். ஆள் முழுக்க நனைந்திருந்தான். டின்னில் மட்டும் ஒரு பொட்டு ஈரம் இல்லை. தன்னை நனையவிட்டு எதையோ காப்பாற்றுகிறவன்... இருந்தாலும் பெரிய கண்தான், என்று நினைத்தவள் சட்டென்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அவன் பெயர் ஹசன் அலி. ஊர் பத்தமடை. வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. மாமாதான் வரச் சொல்லியிருந்தார். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் நிதானமாக விளக்குவதை நஃபீஸத் கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி கண் விழித்ததும் எல்லாவற்றுக்கும் முன்னால் எழுந்து, யார் எதைத் தொடலாம் என்று உத்தரவு போடுகிற ப்ரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். அதற்கு எங்கோ ஒரு புண்ணியவான் பேட்ச் என்று ஓர் ஒட்டுத்துண்டு எழுதி எல்லோருக்கும் சும்மா கொடுத்திருக்கிறார். அந்தச் சி.டி.தான் டின்னில் இருந்தது. அதை ஒட்டிக் கெர்னலைப் புதிதாகக் கட்டினால் ஒரே பெட்டிக்குள் இரண்டு பெட்டி ஓடும். ஒன்று இருப்பது இன்னொன்றுக்குத் தெரியவே தெரியாது.

"ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு அடுப்பு பத்தவைக்கிற மாதிரிங்கீரு," என்றார் மாமா.

"அடுப்பு ரெண்டுன்னாலும் வீட்டுச் சாவி ஒண்ணுதான மாமா?" என்றாள் நஃபீஸத், தடுப்புக்கு இப்பாலிருந்து. "உள்ள இருக்கிற ரெண்டையும் ஓட்டுற வெளிப்பெட்டி ஒண்ணு இருக்குமில்ல... அதுக்குச் சாவி வச்சிருக்கிறவருக்கு எல்லாம் தெரியுமே."

"தெரியும்," என்றான் ஹசன் அலி. "அதை யாரும் கேக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

மழுப்பாமல் ஒத்துக்கொண்ட அந்தக் குரல்... அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

வேலை இழுத்தது. கெர்னல் கட்டி முடிய ஒரு மதியப் பொழுது முழுக்க ஆகும். பாதியில் கரண்ட் போகும். மறுநாள் முதலிலிருந்து. அவன் முன்னறையில், அவள் பின்னறையில், நடுவில் மரத்தடுப்பும் மழைச் சத்தமும். ஒருநாள் அவள் திரையில் திடீரென்று எழுத்து ஓடியது.

"ஸலாம். லைன் சரியா இருக்கான்னு பாக்கணும். எதாவது அடிங்க."

"எதாவது," என்று அடித்தாள்.

தடுப்புக்கு அப்பால் ஒரு சிரிப்பு கேட்டது. அவளும் தாவணியைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தினமும் லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது... கெர்னல் பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருக்க, அவர்கள் பாட்டுக்கு எழுதினார்கள். பத்தமடையில் ஆற்றில் தண்ணீர் ஏறியதை அவன் எழுதினான். எந்த வாசல் என்று இப்போதாவது தெரிந்ததா என்று அவள் சீண்டினாள். இத்தனை பிடிவாதம் எதற்கு என்று அவன் ஒருநாள் கேட்டபோது, யாரிடமும் சொல்லாததையெல்லாம் எழுதிவிட்டாள். வாப்பா, உம்மா சொல்லாமல் விட்ட அந்த ஒன்று, விமானம் ஏறுகிறவன் வேண்டாம் என்று சொன்னது... நாக்குக்கு இருக்கிற வெட்கம் விரலுக்கு இல்லை போலிருக்கிறது.

பதிலாக, "உங்க வாப்பாவுக்கு துஆ செய்யுதேன்," என்று மட்டும் வந்தது.

கடைசி நாள். மாமா அழைத்ததன் பேரில் ஹமீது பீவி வந்து பின்னறையில் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் நம்பினால் தெருவே நம்பும். பெட்டியை அணைத்து எழுப்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போது நஃபீஸத்தின் திரையில் எழுத்து வந்தது.

"புதுசு ஓட ஆரம்பிச்சா இங்கன இருந்து அங்கன பேச முடியாது. சின்னதா ஒரு வழி விட்டு வைக்கட்டா? யாருக்கும் தெரியாது. நமக்கு மட்டும்."

நமக்கு... அந்தச் சொல்லை அவள் இரண்டு முறை படித்தாள். வேண்டும் என்று அடிக்க விரல் பரபரத்தது. பக்கத்தில் ஹமீது பீவி கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையணைக்கடியில் ஒரு காலிக் குப்பி. சின்ன ஓட்டை என்றாலும் ஓட்டைதானே... அதில் வேறு எவன் கண்ணையாவது வைத்தால்?

"அடைச்சிருங்க," என்று அடித்தாள்.

பிறகு, "சரி." அவ்வளவுதான்.

அவன் இந்தப் பக்கம் வந்து அலமாரியைத் திறந்தான். அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. தப்பாக எடுத்துக்கொண்டான், என்று அவளுக்குப் புரிந்தது. விளக்கிச் சொல்ல ரோஷம் விடவில்லை. என்னைக் கேட்காமலே புரிந்துகொள்ளக் கூடாதா...

பெட்டி அணைந்து எழுந்தது. வரிகள் மடமடவென்று ஓடி, நடுவில் நின்றுவிட்டன. அசையவில்லை. பெண்கள் இதுவரை அனுப்பியது, அவர்களுக்கு வந்தது, எல்லாம் அதற்குள்தான். நஃபீஸத் எழுந்து அலமாரியருகே வந்தாள். போச்சு... அதுவும் போச்சு...

அவன் மறுபடி அணைத்து எழுப்பினான். பழைய கெர்னலின் பெயரை அடித்தான். வரிகள் ஓடின. பழகிய திரை அப்படியே எழுந்து நின்றது. எல்லா மெயிலும் இருந்தது.

"பழசு... இருக்கா?" என்றாள் நஃபீஸத்.

முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தான். "பழசை அழிச்சிட்டா புதுசு போடுவாங்க? அது பக்கத்துலயே இருக்கும். புதுசு எவ்வளவு நல்லா ஓடினாலும் அதை எடுக்க மாட்டோம்."

கெர்னலைப் பற்றித்தான் சொன்னான். ஆனாலும் வாப்பா போன நாளிலிருந்து அவள் நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று மெல்ல இளகிற்று. கண்ணை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மழையும் இளகித்தான் பெய்தது.

கட்டும்போது ஒரு வசதியைத் தேர்வு செய்ய மறந்திருந்தானாம். சரிசெய்து அந்தப் பகுதியை மட்டும் மறுபடி கட்டினான். சாயங்கால அஸர் பாங்கு சொல்லி முடிகிற நேரம் இரண்டு அறையிலும் திரைகள் ஒன்றாக விழித்தன. ஹமீது பீவி ஒற்றை விரலால் ஒரு வரி அடித்தாள். மாமா முன்னறையில் உட்கார்ந்து, ஹசன் அலி சொல்லச் சொல்ல, தெரிந்த வழியெல்லாம் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை.

"அப்படி என்னத்தம்மா எழுதினே?" என்று தடுப்புக்கு அப்பாலிருந்து தோற்றுப்போய்க் கேட்டார்.

"அது ஒமக்குத் தெரியக் கூடாதுன்னுதான இத்தனை பாடும்," என்றாள் ஹமீது பீவி. அத்தனை நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. நாளைக்கு நாத்தனாரையும் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள். அல்ஹம்துலில்லாஹ்... நஃபீஸத் அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள்.

மிச்சமிருந்தது வெளிப்பெட்டியின் சாவிச்சொல். அதை நஃபீஸத்திடமே விடுவது என்று ஹசன் அலி சொன்னதும் மாமா, "ஏளா, அப்ப ஆம்பளைங்க மெயிலை நீ படிப்பியே," என்றார்.

"அதுல படிக்கிறதுக்கு என்ன மாமா இருக்கு?"

மாமா சிரித்துக்கொண்டே டீ சொல்லப் போனார். ஹசன் அலி திரையைத் தயார் செய்துவிட்டு எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். "அடிங்க. எனக்கும் தெரிய வேண்டாம்."

அவன் பிடரியில் ஒரு வியர்வைத் துளி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அவள் யோசிக்கவில்லை. கடைசி ஃபோனில் வாப்பா விசாரித்த பொருளின் பெயரை விரல்கள் தாமாகவே அடித்தன.

அவன் டின்னை எடுத்துக்கொண்டான். ஸலாம் சொன்னான். போய்விட்டான்.

அவள் பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்தாள். எதுவும் வராது. வராமலிருக்கத்தானே அத்தனை பாடும்... ஜெயித்துவிட்டு அழுகிற ஒருத்தி உலகத்தில் தான் மட்டும்தான் என்று தோன்றியது.

பின்கதவில் மெதுவாகத் தட்டும் ஓசை.

திறந்தாள். படிக்குக் கீழே, மழையில், ஹசன் அலி. இந்த முறை ஒரு அடிகூட உள்ளே வைக்கவில்லை.

"இது பொம்பளைங்க வாசல்," என்றாள்.

"தெரியும். உள்ள வரல." மூச்சு வாங்கியது. "அந்த ஓட்டையை நான் கேட்டிருக்கக் கூடாது. ஹமீது பீவி சிரிச்சப்பதான் உறைச்சுது... திருட்டு வழியில சொல்ற விஷயமா அது?"

"எது?"

அவன் டின்னை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எங்கிட்ட... பாஸ்போர்ட் கிடையாது."

அவளுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது.

"எடுக்கவும் மாட்டேன்," என்றான். "இந்த ஆத்தங்கரையிலயே இருந்துக்கிடுதேன். நீங்க சரின்னா."

அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. கதவைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"உங்க உம்மாவுக்கு எங்க வீடு தெரியுமா?"

"கேட்டு வந்துருவாங்க."

"முன்வாசல் வழியா வரச் சொல்லுங்க," என்றாள். "பைய வாங்க... படி வழுக்குது."

வெள்ளிக்கிழமையே பெண் கேட்டு வந்தார்கள், முன்வாசல் வழியாக. உம்மா அதற்கு முன் எப்போது அப்படிச் சிரித்தாள் என்று நஃபீஸத்துக்கு நினைவில்லை. பேச்செல்லாம் முடிந்து, கை கழுவப் பின்கட்டுக்குப் போன ஹசன் அலி கொண்டியைப் பார்த்துவிட்டு ஒரு சுத்தியலும் ஆணியும் கேட்டான். உம்மா மகளைப் பார்த்தாள். இருக்கட்டும், என்றாள் நஃபீஸத். பழசை எடுக்க மாட்டோம் என்று சொன்னவன், ஏன் என்று கேட்கவில்லை.

அந்தக் கொண்டி இன்றும் ஒற்றை ஆணியில்தான் தொங்குகிறது. கதவு சாத்தத்தான் செய்கிறது.