கடைசியாக வருகிறவர்களுக்கும் கேக்

பட்டாணி என்பது அவளுடைய உண்மையான பெயர் அல்ல. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். வீட்டில் யாரோ விளையாட்டாகக் கூப்பிட, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆள் வளர்ந்தாலும் பெயர் வளரவில்லை.

பட்டாணியின் சித்திக்குக் கல்யாணம். சித்தி ஒரு துணித் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைக்கிறாள். வேலைக்குப் போகும் வழியில் ஒரு பேக்கரி இருக்கிறது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் மூன்றடுக்குக் கேக் ஒன்று, உடம்பெல்லாம் சர்க்கரைப் பூக்களோடு ராணி மாதிரி நிற்கும். சித்தி போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை பார்ப்பாள். தன் கல்யாணத்துக்கு அந்தக் கேக்தான் என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் பேக்கரிக்குப் போனார்கள். மாஸ்டர் முழங்கைவரை மாவோடு வெளியே வந்தார்.

"அண்ணே, இந்த மாதிரி கேக் செய்ய எவ்வளவு ஆகும்?"

மாஸ்டர் விலையைச் சொன்னார். சித்தியின் முகம் சப்பென்று ஆகிவிட்டது. அவள் கேக்குக்காக எடுத்து வைத்திருந்த பணம் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

இதற்குள் பட்டாணி சும்மா இருக்க முடியாமல், கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டு ராணியை ஒரு தட்டுத் தட்டினாள்.

டொக், டொக்.

"சித்தி! இது கேக்கே இல்ல!"

மாஸ்டர் சிரித்துவிட்டார். "அது தெர்மாகோல்மா. மேல ஐசிங் மட்டும்தான் நிஜம். நிஜக் கேக்கை எத்தனை நாள் கண்ணாடிக்குள்ள வெக்கிறது?"

சித்தி திகைத்துப்போனாள். இத்தனை மாதமாக ஏங்கியது தெர்மாகோலுக்கா? ஆனால் மாஸ்டர் அதிலேயே ஒரு வழி வைத்திருந்தார்.

"வேணும்னா உங்களுக்கும் அப்படியே செஞ்சு தரேன். கீழ ரெண்டு அடுக்கு தெர்மாகோல். மேலடுக்கு மட்டும் நிஜக் கேக், அதை நீங்க வெட்டலாம். பூ எல்லாம் இதே மாதிரி இருக்கும். போட்டோல யாருக்குத் தெரியப்போகுது? உங்க பணத்துக்குள்ள முடிஞ்சிடும்."

சித்தியின் முகத்தில் விளக்கு எரிந்தது. "நிஜமாவா அண்ணே? அப்ப அதையே போட்டுடுங்க!"

"மேலடுக்கு எத்தனை பேருக்கு வரும், மாமா?" என்று பட்டாணி கேட்டாள்.

"சின்னச் சின்னதா வெட்டினா இருபது பேருக்கு வரும்."

"சித்தி, நம்ம கல்யாணத்துக்கு நிறையப் பேர் வருவாங்களே?"

"எல்லாரும் கேக் சாப்பிடுவாங்களா என்ன? முன்னாடி இருக்கறவங்களுக்குக் குடுத்தாப் போதும்."

பட்டாணிக்கு அந்த 'முன்னாடி' பிடிக்கவில்லை. வகுப்பில் அவளுக்குக் கடைசி பெஞ்சு. யாருக்காவது பிறந்தநாள் என்றால் மிட்டாய் டப்பா முன்வரிசையிலிருந்து கிளம்பும். அவளிடம் வருவதற்குள் டப்பாவில் காகிதம்தான் இருக்கும்.

"மிஷின் அக்கா வருவாங்களா?"

மிஷின் அக்கா என்றால் தொழிற்சாலையில் சித்திக்குப் பக்கத்துத் தையல் மிஷினில் உட்காருகிறவள். சித்திக்கு ஜுரம் வந்தபோது அவளுடைய வேலையையும் சேர்த்துத் தைத்தவள்.

"அவ வராம இருப்பாளா? ஆனா அவளுக்கும் இன்னும் நாலஞ்சு பேருக்கும் அன்னிக்கு ரெண்டாவது ஷிப்ட். முடிச்சிட்டு லேட்டாத்தான் வருவாங்க. கேக் இல்லேன்னா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க."

"கேக் தீர்ந்து போயிருந்தா நினைச்சுக்க மாட்டாங்க, சித்தி. ஆனா இது தீராதே! அவங்க வரும்போதும் அவ்வளவு பெருசா நிக்குமே. அதைக் காட்டி உங்களுக்கு இல்லேன்னு சொல்லணும். யார் சொல்றது? நீயா, நானா?"

"அதிகப்பிரசங்கி!" என்றாள் சித்தி. ஆனால் குரலில் சுரத்தே இல்லை. அவள் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற ராணியைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். பட்டாணிக்குப் பாவமாக இருந்தது. சித்தி எதற்குமே இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

கேக்கும் வேண்டும், எல்லாருக்கும் வேண்டும். என்ன செய்யலாம்? பட்டாணி ராணியை இன்னொரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"மாமா, உள்ள வெறும் தெர்மாகோல்னா விலை ரொம்பக் குறையணுமே. ஏன் அவ்வளவா குறையல?"

"எப்படிம்மா குறையும்? மாவு, சர்க்கரை எல்லாம் ஒரு பக்கம். அந்தப் பூவைப் பாரு. ஒவ்வொரு இதழையும் கையால இழைச்சு, காய வெச்சு ஒட்டணும். ஒரு பூ முடியறதுக்குள்ள இடுப்பு போயிடும். பாதிக் காசு பூவுக்குத்தான்."

"அப்ப பூவே இல்லேன்னா?"

மாஸ்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். "மூணு அடுக்கும் நிஜக் கேக்காவே போடலாம். ஆனா மொட்டையா, வெள்ளையா இருக்கும். கல்யாணக் கேக் மாதிரியா இருக்கும்? பிளாஸ்டர் போட்ட கால் மாதிரி இருக்கும்!"

பட்டாணி சித்தியின் பக்கம் திரும்பினாள். "சித்தி, துணியில உனக்குப் பூ செய்யத் தெரியுமா?"

"ஏன் தெரியாது? காலரையே வளைச்சுத் தைக்கிறோம், பூ என்ன பெரிய…"

சித்தி பாதியில் நிறுத்தினாள். மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் தாடையைச் சொறிந்தார். தாடையிலும் மாவு ஒட்டிக்கொண்டது.

"துணி நேரா கேக்ல படக்கூடாது. அடியில எண்ணெய்த்தாள் வெச்சு நானே அடுக்கித் தரேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "என் இடுப்பும் தப்பிச்சுது" என்றும் சொன்னார்.

மறுநாள் சித்தி புதுசாக வெள்ளைத் துணி வாங்கிப் பூத் தைக்க உட்கார்ந்தாள். விஷயம் மிஷின் அக்காவின் காதுக்குப் போனது. அவ்வளவுதான், சாப்பாட்டு இடைவேளையில் தையல்காரிகள் எல்லாரும் ஆளுக்கொரு பூ என்று ஆரம்பித்துவிட்டார்கள். பட்டாணியும் ஒன்று தைத்தாள். அது பூவைவிட முட்டைக்கோஸ் மாதிரிதான் இருந்தது. மாஸ்டர் பெரிய மனசோடு அதைக் கேக்கின் பின்பக்கம் வைத்தார்.

கல்யாண நாளில் கேக் மண்டபத்தின் நடுவே நின்றது. வெள்ளை வெளேரென்று மூன்று அடுக்கு, மேலிருந்து கீழ்வரை பூ. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு பூவைக் கிள்ளி வாயில் போட்டு, வெகு நேரம் மென்றார். பிறகு யாரும் பார்க்காதபோது அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மேலடுக்கு தீர்ந்தது, நடு அடுக்கும் தீர்ந்தது. கீழடுக்கில் கத்தி வைக்கச் சித்தி விடவில்லை. பட்டாணி அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். பெரியப்பா இரண்டு தடவை அந்தப் பக்கமாக நடந்து பார்த்தார். பட்டாணி அசையவில்லை.

பாதிக் கூட்டம் கலைந்த பிறகுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மிஷின் அக்கா வந்தாள். கூடவே அவளுடைய தோழிகளும் வந்தார்கள். தலைமுடியில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைக்கூடத் தட்டிவிடாமல் வந்திருந்தார்கள்.

"மன்னிச்சுக்கடி, ஓடி வந்தும் லேட் ஆயிடுச்சு. எல்லாம் முடிஞ்சிருக்குமே?"

"எங்க முடிஞ்சுது?" என்று சித்தி அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து, கத்தியைக் கொடுத்தாள். "இந்த அடுக்கு உங்களுக்கு. நீயே வெட்டு."

மிஷின் அக்கா கத்தியை வாங்கிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. முதல் துண்டை வெட்டிப் பட்டாணிக்கு ஊட்டினாள்.

சித்தி போட்டோக்காரரைக் கூப்பிட்டாள். "இவங்களோட ஒரு படம் எடுங்க."

"முழுசா இருந்தப்பவே எடுத்துட்டேனேம்மா. இப்பக் கேக் அலங்கோலமா இருக்கே?"

"பரவால்ல. இப்ப எடுங்க."

இன்று சித்தியின் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். அதில் மேசைமேல் கேக் பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லார் வாயிலும் இருக்கிறது.