ட்ரேஸ் போட்ட கொலை

“தப்பில்லாம எழுதறவனுக்கு ட்ரேஸ் எதுக்குடி?”

“புரோகிராம் உள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும்ங்க. சர்வர் ரூம் கதவைப் பூட்ட ஒரு ஆப்ஷன், தீயணைக்கற வாயுவுக்கு ஒரு ஆப்ஷன், ட்ரேஸுக்கு ஒரு ஆப்ஷன்... எப்படி வச்சிருக்கேன்னு கொஞ்சம் கேளுங்களேன்...”

“போய்த் துணியை மடி! அதுக்கு ட்ரேஸ் வேணாம்!”

போன மாதம் கணவன் அடித்த நக்கல்.

இன்று அந்த ட்ரேஸே அவளைச் சிறைக்கு இழுக்கப் பார்த்தது!

சர்வர் அறையில் பிணம்... கம்பெனி ரகசியங்களை விற்பது யார் என்று துருவிக்கொண்டிருந்த ஆடிட்டர்!

யாரோ கம்ப்யூட்டரில் ஒரு கட்டளையைத் தட்டி, கதவைப் பூட்டி, மூச்சை அடைக்கும் அந்தத் தீயணைக்கும் வாயுவைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

“புரோகிராம் எழுதினது இவ. ஓட்டினதும் இவதான், மேடம்!” ஒரு காகிதத்தை நீட்டினான் கணவன். அங்கே மேனேஜரும் அவனே. “ட்ரேஸைப் பாருங்க... இவ பேரு... கதவு பூட்டியாச்சு... வாயு திறந்தாச்சு...”

பெண் இன்ஸ்பெக்டர் திரும்பினாள். “என்னம்மா சொல்றே?”

“நான் உள்ள போய் நிக்கறேன், மேடம். அந்தக் காகிதத்துல இருக்கற அதே கட்டளையை, ட்ரேஸோட, இவரையே அடிக்கச் சொல்லுங்க.”

“செத்துருவேடி!”

“அதைப் பத்தி உங்களுக்கென்ன?”

அவன் கண்ணில் ஒரு மின்னல். “அவளே கேக்கறா, மேடம்...”

இன்ஸ்பெக்டர் கதவிடுக்கில் லத்தியைச் செருகினாள்.

தட்டினான். ஆசை ஆசையாய்!

திரையில் வரிகள் ஓடின. ‘கதவு பூட்டப்பட்டது. வாயு திறக்கப்பட்டது.’

கதவோ... லத்தியைத் தொடக்கூட இல்லாமல் ஆவென்று திறந்தே கிடந்தது! வாயுவின் ‘உஸ்’ஸும் இல்லை.

உள்ளே அவள் சாவகாசமாய்க் கொட்டாவி விட்டாள்.

“ட்ரேஸ் போட்டா, என்னென்ன செய்யும்னு வரிவரியா சொல்லும், மேடம். எதையும் செய்யாது. ஆள் சாகற விஷயமாச்சே! சோதிக்கறவன் பொழைக்கணும்னு அப்படி வச்சேன்.”

“அப்போ கொலை...?”

“ட்ரேஸ் இல்லாம ஓட்டிக் கொன்னாரு. அப்புறம் என் பேர்ல ட்ரேஸோட ஓட்டி இந்தக் காகிதத்தை எடுத்திருக்காரு. என் பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஒரே ஆள்... நான் சொன்னதைக் காதுல வாங்காத ஒரே ஆள்!”

“ஆடிட்டர் துருவினது உன்னைத்தானாய்யா?”

அவன் காகிதத்தைப் பறிக்கப் பாய்ந்தான். விலங்கு ‘க்ளிக்’ என்றது.

“கண்ணு... நல்ல வக்கீலா ஒருத்தரைப் பாரேன்...”

கல்யாணமான மறுவருஷத்திலிருந்து தொண்டையிலேயே கிடந்ததை அவள் துப்பினாள்.

“பாக்கத்தாங்க போறேன்... எனக்கு! விவாகரத்தைக் குடுத்துட்டு உள்ள போங்க!”