சித்திக்கு யாருடைய பாதிப்பு?

காலையிலிருந்தே சிறுமி பட்டாணிக்குக் கால் தரையில் பாவவில்லை. சித்தியின் படங்களைப் பார்க்கக் கண்காட்சி நடத்துகிற மேடம் வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் கண்காட்சியில் ஒரு சுவர் முழுக்கச் சித்திக்குத்தான்!

சித்தி வெறும் வண்ணத்தில் வரைகிறவள் இல்லை. கந்தல் துணி, வெங்காய மூட்டை வலை, பழைய சைக்கிள் ட்யூப் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் ஒட்டி, அதன் மேல் வண்ணம் பூசுவாள். பேசுவதெல்லாம் கைதான். புது ஆளைக் கண்டால் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும்.

மேடம் வந்தார். படங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என்னென்ன பொருளில் செய்தது என்று கேட்டார். "துணி… பசை…" என்று சித்தி முனகினாள்.

"சரி, உங்ககிட்ட யாரோட பாதிப்பு அதிகம்?"

எந்த ஓவியர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டீர்கள் என்பதைத்தான் அவர் அப்படிக் கேட்டார். சித்திக்கு வேர்த்துக் கொட்டியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றாள். மேடம் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

பட்டாணிக்குப் பொறுக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த பாதிப்பெல்லாம் செய்தியில் வரும் வெள்ளப் பாதிப்பும் புயல் பாதிப்பும்தான்.

"பாதிப்பா மேடம்? அது நிறைய இருக்கு. நான் சொல்றேன்."

கீழே சைக்கிள் கடை மாமா சுத்தியலால் தட்டத் தட்ட, இங்கே சுவர் அதிர்ந்து சித்தியின் கோடெல்லாம் நெளிந்துபோகுமாம். அந்த நெளிசலையே அவள் அலையாக்கிவிட்டாளாம். மேல்வீட்டுத் தையல்காரம்மா ஜன்னலில் உதறும் துணித் துண்டுகள் ஈர வண்ணத்தில் வந்து ஒட்டிக்கொள்ளுமாம். முதல் தடவை சித்தி சண்டைக்கே போனாளாம். இப்போது வேண்டுமென்றே ஜன்னலடியில் படத்தை வைக்கிறாளாம்.

மேடம் கைப்பையைக் கீழே வைத்தார். "வேற யாரு?"

பட்டாணி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். "எல்லாரையும் விட நான்தான்."

மிதிபட்ட படத்தை யார் மதிப்பார்கள் என்று சித்தி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததைப் பட்டாணி இழுத்து வந்தாள். நீலக் கடல். நடுவில், வண்ணம் காயும் முன்பே ஓடி வந்து மிதித்துவிட்ட பட்டாணியின் கால்தடம். சித்தி அதன் ஐந்து விரல்களுக்கும் வலையில் பாய் வெட்டி ஒட்டி, ஐந்து படகுகளாக்கியிருந்தாள்.

"இதைப் போய் ஒளிச்சு வச்சீங்களா? சுவருக்கு நடுவுல இதைத்தான் மாட்டணும்" என்றார் மேடம். "ஆமா, இந்தப் பாயை எதுல வெட்டினீங்க?"

"வெங்காய மூட்டைல மேடம்" என்று ஆரம்பித்தாள் சித்தி. வலையை எப்படி அலசுவது, எந்தப் பசை பிடிக்கும், எது பல்லைக் காட்டும் என்று ஒரே மூச்சில் கொட்டினாள். பட்டாணி நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"கொஞ்சம் இருடி, நான் பேசிட்டிருக்கேன்ல?" என்றாள் சித்தி.